டிஸ்க்குல 100, ஃபைபர்ல 100: ரெண்டும் ஒரே 100 இல்லையா?

புதுக்கோட்டை ஸ்டூடியோ:
வணக்கம். எங்க ஸ்டூடியோவுல 2004 வாக்குல எடுத்த கல்யாண வீடியோ எல்லாம் 40 ஜிபி ஐடிஇ (பட்டையான ரிப்பன் கேபிள்ல மாட்டுற பழைய வகை) டிஸ்க்குகள்ல கிடக்கு. அப்பா கேசட்டுலேர்ந்து கேப்சர் பண்ணி வச்சது. டிஸ்க் ஒவ்வொண்ணா உயிர விடுது. அதுக்குள்ள எல்லாத்தையும் திருச்சியில அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எஃப்டிபியில (நெட் வழியா ஃபைல் அனுப்புற முறை) அனுப்பிட்டு இருக்கேன். ரெண்டு பக்கமும் ஃபைபர், ஏத்தவும் இறக்கவும் 100 எம்பி. டிஸ்க் மேல 'அல்ட்ரா ஏடிஏ/100'னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர் பழைய பென்டியம் 4, எக்ஸ்பி.

36 ஜிபி ஃபைல். 100 எம்பின்னா ஆறேழு நிமிஷத்துல போயிடணும்னு கணக்குப் போட்டேன். 58 நிமிஷம் ஆச்சு. அடுத்த டிஸ்க், அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவு ஃபைல். 3 மணி 20 நிமிஷம்! யார் மேல தப்பு? ஃபைபர்காரங்ககிட்ட கேக்கணுமா?

டிரான்ஸ்மிஷன் (ஓய்வு):
தம்பி, முதல் டிஸ்க்ல யார் மேலயும் தப்பில்ல. 58 நிமிஷம் நல்ல நேரம்.

குழப்பம் நம்ம வாயில இருக்கு. டிஸ்க்கோட 100 மெகாபைட், ஃபைபரோட 100 மெகாபிட். பேச்சுல ரெண்டையும் 'எம்பி'ன்னுதான் சொல்றோம். கேபிள்ல 16 கம்பி பக்கத்துல பக்கத்துல டேட்டா தூக்கிட்டுப் போகும், அதனால டிஸ்க்காரன் பைட்டுல எண்ணினான். எங்க லைன்ல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா பிட் போகும், நாங்க பிட்டுல எண்ணினோம். 8 பிட் ஒரு பைட், அதனால உங்க ஃபைபரை 8ஆல வகுத்தா நொடிக்கு 12.5 மெகாபைட்.

இப்ப உங்க ஃபைல். விண்டோஸ் காட்டுற ஜிபி 1024ஐ மூணு தடவை பெருக்கின கணக்கு. லைன் வேகமெல்லாம் சுத்தமான ஆயிரக் கணக்கு. 36 ஜிபின்னா சுமார் 3865 கோடி பைட். 12.5ஆல வகுத்தா 51 நிமிஷம் சொச்சம். ஈதர்நெட், ஐபி, டிசிபி உறைகளுக்கு நூத்துல அஞ்சு போகும், 54 நிமிஷம் ஆச்சு. மிச்ச நாலு நிமிஷத்தைப் பழைய மெஷினுக்கு விட்டுடுங்க.

நான் 30 வருஷத்துக்கு மேல டெலிபோன் டிரான்ஸ்மிஷன்ல, அதாவது ஊருக்கு ஊர் போற லைன் பிரிவுல இருந்தவன். எஸ்டிஎம்-1ங்கிற லைன் 155.52 மெகாபிட். ஏன் இப்படி ஒரு வழவழன்னு இல்லாத எண்ணுன்னு புதுசா வர்ற பசங்க எல்லாரும் கேப்பாங்க. டெலிபோன் குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, தடவைக்கு ஒரு பைட் எழுதுறோம். அதனால ஃப்ரேமும் (ஒரு தடவை அனுப்புற பைட் கட்டு) நொடிக்கு 8000. ஒரு ஃப்ரேம் 9 வரிசை, 270 நெடுவரிசை, மொத்தம் 2430 பைட். 2430ஐ 8ஆலயும் 8000ஆலயும் பெருக்கிப் பாருங்க, 155.52 அப்படியே வந்து நிக்கும். 270ல 10 நெடுவரிசை மேற்பார்வைக்குப் போயிடும், சரக்குக்கு மிஞ்சுறது 149.76.

அந்த ஒரு எஸ்டிஎம்-1ல 63 இ1 (2 மெகாபிட் சின்ன லைன்) ஏத்துவோம். இ1க்கு 30 பேர் பேசலாம், ஆக 1890 பேர். ஒவ்வொரு இ1ஐயும் டிடிஎஃப்ல (லைன்களை இணைக்கிற சட்டம்) க்ரோன் டூலால (கம்பியைக் குத்தி மாட்டுற கருவி) குத்தி இறக்குவோம், விரல் நுனி காய்ச்சுப் போயிருக்கும். அத்தனை பேரோட பேச்சும் பைட் கணக்குல 19.44 மெகாபைட்தான். யுடிஎம்ஏ 33 (பழைய ஐடிஇ வேகம், நொடிக்கு 33 மெகாபைட்) சாம்பல் கலர் ரிப்பன் கேபிள்கூட அதைவிட அதிகம் தூக்கும். அந்தக் கேபிள் அரை மீட்டருக்கு மேல போகக் கூடாது. எங்க லைன் ஊர் விட்டு ஊர் போச்சு. அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு.

உங்க அல்ட்ரா ஏடிஏ/100ஐ எங்க பாஷையில சொன்னா 800 மெகாபிட். எஸ்டிஎம்-4 (622.08) பத்தாது, எஸ்டிஎம்-16 (2488.32) வேணும். உங்க வீட்டுக்கு வர்றது ஜிபானா (ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்குற முறை) இருந்தா, கீழே இறங்குற வேகம் அதே 2488.32தான், ஃப்ரேமும் அதே 125 மைக்ரோ செகண்ட். தெருவே பங்கு போட்டுக்குது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. சாட்டா (ஐடிஇக்கு அப்புறம் வந்த வகை) டிஸ்க் வந்தா 8ஆல வகுக்காதீங்க. 1.5 கிகாபிட் சாட்டால 8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்புவாங்க, அதனால 10ஆல வகுக்கணும், 150 மெகாபைட்.

ரெண்டாவது டிஸ்க் நொடிக்கு 3.2 மெகாபைட். அது லைன் இல்ல. ஹார்டுவேர்காரங்க யாராச்சும் சொல்லுங்கப்பா.

சர்வீஸ் பெஞ்ச்:
சார் சொன்னது சரி. ரெண்டாவது டிஸ்க் பிஐஓ மோடுக்கு (ஒவ்வொரு டேட்டாவையும் ப்ராசஸரே தூக்குற மெதுவான முறை) இறங்கியிருக்கும். கேபிள் சரியில்லாம சிஆர்சி எரர் (டேட்டா கெட்டுப் போச்சுங்கிற சோதனைப் பிழை) திரும்பத் திரும்ப வந்தா எக்ஸ்பி தானா டிஎம்ஏவை (ப்ராசஸரை விட்டுட்டு நேரா மெமரிக்குப் போற வேகமான முறை) விட்டுடும், திரும்ப ஏறவும் ஏறாது. காப்பி ஓடுறப்ப மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்துச்சா? அப்படின்னா இதேதான்.

டிவைஸ் மேனேஜர்ல பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்னன்னு பாருங்க. பிஐஓன்னு இருந்தா முதல்ல கேபிளை மாத்துங்க. 80 இழை கேபிள் வேணும். அதுலயும் 40 ஓட்டைதான், ஆனா இழை மெல்லிசா நெருக்கமா இருக்கும். 40 இழை போட்டா யுடிஎம்ஏ 33க்கு மேல ஏறாது. அப்புறம் அந்த சேனலை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. டிஸ்க்லேர்ந்து டக் டக்னு சத்தம் வந்தா மட்டும் எதையும் நோண்டாதீங்க, மெதுவாப் போனாலும் பரவாயில்லை, காப்பியை முடிச்சிடுங்க.

புதுக்கோட்டை ஸ்டூடியோ:
மவுஸ் திக்கினது நிஜம். நீங்க கேட்டப்பதான் ஞாபகம் வந்துச்சு. திறந்து பாத்தா கேபிள் மடிப்புல ரெண்டு இழை பிஞ்சு செம்பு தெரியுது. பழைய பெட்டியில இருந்த 80 இழை கேபிளைப் போட்டேன். இப்ப 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5'னு காட்டுது. மூணாவது டிஸ்க் 57 நிமிஷம். டிரான்ஸ்மிஷன் சார், உங்க 155.52 கணக்கை அண்ணனுக்கும் போன்ல போட்டுக் காட்டினேன். இன்னும் 11 டிஸ்க் இருக்கு, ராத்திரிக்கு ரெண்டு ரெண்டா ஏத்துறேன்.