தோர்கல் வாசிக்கிற திருமலை ஆக்கள்: எந்தப் பக்கத்தில, ஆரோட முட்டுப்பட்டியள்?

உவர்மலைக்காரன்

தோர்கல் ஆர் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒரு வரி: வான் ஹாம் எழுதி ரொசின்ஸ்கி கீறின வைக்கிங் படக்கதையின்ட நாயகன், பெண்சாதி ஆரிசியா, மகன் ஜோலன். எந்தப் பக்கத்தைப் பாத்து ஆர் என்ன சொன்னவை எண்டு எழுதுங்கோ, நான் தொடங்கிறன். நான் சொல்லுற எண்ணெல்லாம் பிரெஞ்சு மூல வரிசை. சினிபுக் ஆங்கிலப் பதிப்பின்ட எண் வேற, சிவகாசித் தமிழ்ப் புத்தகத்தின்ட வரிசை வேற. அதைப் பிடிச்சுக்கொண்டு ஆரும் சண்டைக்கு வரவேண்டாம்.

கொழும்புக்குப் போற இரவு மெயில். கையில 19 ஆவது, அதுதான் கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் கதை. முன் சீற்றில வயசான ஐயா ஒருத்தர். சோத்துப் பார்சலை முடிச்சு, கை கழுவிப்போட்டு வந்து, "தம்பி, ஒருக்காத் தாரும் பாப்பம்" எண்டார். சின்னப்பிள்ளையளின்ட புத்தகம் எண்டு நக்கலடிப்பார் எண்டு பாத்தா, மனுசன் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தில இருந்து ஒழுங்கா வாசிக்கத் தொடங்கிட்டார். கல்லோயாச் சந்தியில வண்டி நிண்டு, தேத்தண்ணிக்காரன் ஏறி இறங்கியும் நிமிரேல்ல.

தோர்கல் கல்லில இருக்கிற தன்ட பேரை அழிக்கிற இடம் வந்திது. அந்தக் கட்டத்தில விரலை வைச்சார், எடுக்கேல்ல. பிறகு சொன்னார்: "அந்தக் காலத்தில நாங்களும் இதைத்தான் தம்பி கும்பிட்டனாங்கள். ஆற்ற லிஸ்ட்டிலயும் எங்கட பேர் இருக்கக்கூடாது எண்டு. கடவுளின்ட லிஸ்ட்டிலயும்தான்."

புத்தகத்தைத் தந்திட்டு, துவாயை முகத்தில போட்டுப் படுத்திட்டார். அதுக்குப் பிறகு என்ன நடக்குது எண்டு நான் சொல்லேல்ல. பேரோட சேந்து நினைவும் போகும், அவனை அடைய நினைக்கிற கிறிஸ் வந்து "நான்தான் உன்ட பெண்சாதி" எண்டுவாள், அவன் ஷைகன் எண்டு பேரெடுத்துக் கப்பலெல்லாம் கொள்ளையடிப்பான். இதையெல்லாம் அந்த மனுசனுக்குச் சொல்லுறதோ விடுறதோ? மருதானையில தலையாட்டிட்டு இறங்கிட்டார். எனக்கு இன்னும் அரிக்குது.

கிண்ணியாப் பாலம்

நம்மட 8 ஆவது, அலினோ.

தங்கச்சிட மகள், ஏழு வயசு. மச்சான் கட்டாரில. பெருநாளைக்கு வந்து நிண்டவங்க. மேசையில கிடந்த புத்தகத்தைப் புள்ள எடுத்துட்டா. ரொசின்ஸ்கி கீறினதில என்னை உண்மையாப் பயங்காட்டினது அது ஒண்டுதான். பெரிய பூதமில்ல, படையில்ல. ஆளில்லாத தீவு, கடல், கல்லு, பச்சை முடியோட ஒரு பொடியன். அவன் ஒண்டும் கதைக்கிறதுமில்ல. "பயந்திருவா, தாங்க" எண்டு பறிக்கப் போனன்.

புள்ள பயப்படவே இல்ல. பக்கத்தை முன்னுக்குப் பின்னுக்குப் புரட்டிப் புரட்டி எதையோ தேடுறா. "என்னம்மா தேடுற?"

"இந்த ஜோலன்ட வாப்பா எங்க மாமா?"

அந்தப் புத்தகத்தில தோர்கல் கிட்டத்தட்ட இல்லயே! "பயணம் போயிருக்கார்" எண்டன்.

"கட்டாருக்கா?"

குசினிக்குள்ள தங்கச்சி சிரிச்ச சத்தம் கேட்டிச்சு. எனக்குச் சிரிப்பு வரல்ல. வாப்பா ஊட்டில இல்லாத புள்ள தனக்கு ஒரு கூட்டாளியத் தானே உண்டாக்குறான், அந்தக் கூட்டாளி பிறகு உம்மாவையே கொல்ல வாறான். 1985 இல பெல்ஜியத்தில இருந்து வான் ஹாம் எழுதின கதை. நம்மட ஊர் வெளிநாட்டு ஊடுகள இந்த மனுசன் எங்க பார்த்தார்?

ஆரிசியா பக்கம்

உவர்மலைத் தம்பி, அந்த ஐயா சொன்னது எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா நீங்கள் அதைத் தோர்கலுக்கு வக்காலத்தா எடுத்தா விடமாட்டன். பேரை அழிச்சது ஆர்? அவர். சூடு வாங்கினது ஆர்? 20 ஆவதை எடுத்துப் பாருங்கோ. ஷைகன் எண்டவன் தோர்கல்தான் எண்டு ஊருக்குத் தெரிய வந்த உடன, அவனை நம்பியிருந்த பெண்சாதிக்குத்தான் தண்டனை. தலைமயிரை வெட்டி, கன்னத்தில இரும்பால குறி சுட்டு, பிள்ளையளோட துரத்தி விடுறாங்கள். ஐயன்மார் "பேர் இல்லாட்டி நிம்மதி" எண்டு ரயிலில தத்துவம் கதைக்கலாம். லிஸ்ட்டில பேர் இருந்த ஆள் ஓடிப்போனா, அடுத்த நாள் வீட்டுக் கதவில தட்டினது ஆருக்கு? அதை இந்த ஊரில எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்லுவா.

என்ட கதை சின்னது. ஸ்டாஃப் ரூமில 23 ஆவதை வைச்சிட்டு வகுப்புக்குப் போயிட்டன். திரும்பி வந்தா எங்கட கணக்கு ரீச்சர் வாசிச்சுக்கொண்டிருக்கிறா. பட்டுச்சீலையும் விபூதியுமாக் கோணேசர் கோயிலுக்குப் போயிட்டு வாற மனுசி, படக்கதை எண்டா முகத்தைச் சுளிக்கிறவ. புருசன் நினைவு திரும்பித் தீவுக்கு வாறான், ஆரிசியா அவனை மரக்கூட்டுக்க போட்டுப் பூட்டி வைக்கிறாள், தெரியும்தானே. அந்தப் படத்தில நிக்கிறா. நான் வந்து நிண்டது தெரியேல்ல. பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால என்னைப் பாத்து,

"பூட்டு எங்க வாங்கினவளாம்?"

கேட்டிட்டு மணியடிக்கக் கொப்பியளைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. முகத்தில சிரிப்பே இல்லை. பகிடியோ, உண்மையாக் கேட்டவவோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அவவின்ர வீட்டு நிலவரம் தெரிஞ்ச ஆக்கள் ஸ்டாஃப் ரூமில இருந்தவை. ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

போட் எழுதுறவரின்ட மருமகன்

கதை, கதை எண்டு அடிபடுறியள். படத்தைப் பற்றி ஆரும் கதைக்கமாட்டியளோ?

எங்கட மாமா கடைப் போட் எழுதினவர். பனர் அடிக்கிற மெசின் வரமுன்னம் டவுனில பாதிக் கடைக்கு அவற்ற எழுத்துத்தான். 28 ஐயும் 29 ஐயும் பக்கத்தில பக்கத்தில விரிச்சு வைச்சு, "ரெண்டும் ஒராள் கீறினது, எது திறம்?" எண்டு கேட்டன். தெரியும்தானே, 2006 இல வந்த 29 இல இருந்துதான் ரொசின்ஸ்கி மைக்கோட்டை விட்டிட்டுத் தானே நிறம் பூசி ஓவியமாக் கீறத் தொடங்கினவர். மாமா ரெண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாத்தார். 28 இல கிறிஸின்ட முகத்தில நகத்தால ஒரு கோட்டை வழிச்சுக் காட்டினார். "இது ஒரே இழுப்பு. கை நிக்கேல்ல." 29 ஐத் தட்டி, "இதில கை எங்க நிண்டது எண்டு எனக்குக் கண்டுபிடிக்கேலாது. மறைச்சுப்போட்டான் கள்ளன்."

அது புகழ்ச்சியோ குற்றமோ? மாமா இப்ப இல்லை, கேக்கவும் ஏலாது. "வயசு போய்க் கை தளந்ததாலதான் பூச்சுக்கு மாறினவர்" எண்டு சில பேர் எழுதுகினம், அது பிழை. மனுசன் வார்சோ நுண்கலைக் கழகத்தில படிச்ச ஓவியன். 29 க்கு முன்னமே வேற ஒரு கதையை முழுக்க நிறத்தாலயே கீறிக் காட்டினவர். 1981 இல போலந்தில இராணுவச் சட்டம் வந்த பிறகு பெல்ஜியத்துக்குப் போய்ச் சேந்து, அங்க இருந்து இருபது வருசத்துக்கு மேல அதே முகங்களை மையால கீறினா ஆருக்கும் வேற ஒண்டு செய்து பாக்க மனம் வரும். எனக்கு 9 ஆவதில, வில்லாளியள் போட்டியில, மழையும் பாறையும் வெறும் கோட்டாலயே வாற பக்கங்கள்தான் உயிர். ஆனா 29 ஐக் குப்பை எண்டு சொல்லுறவன் வெளிச்சத்தில வைச்சுப் பாக்காதவன்.

இன்னொண்டு. நீங்கள் கேக்கேல்ல, எண்டாலும் சொல்லுறன், ஏனெண்டா திருமலையில புத்தகம் வைச்சிருக்கிற ஆக்கள் பாதிப்பேர் அதைக் கொல்லுகினம். கடல் பக்கச் சுவரோட அலுமாரியை முட்டி வைக்காதேங்கோ. நாலு விரல் இடம் விடுங்கோ. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்தச் சுவர் வேர்க்கும், பளபளப்புத் தாள் ஒண்டோடொண்டு ஒட்டினா உரிக்கேக்க படம் போயிடும். பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டிறது இன்னும் பிழை, ஈரம் உள்ளுக்க அடைபடும். சிலிக்கா ஜெல் பை போடுங்கோ. நீலமா இருந்தது றோஸ் நிறமா மாறினா சட்டியில மெல்லிய சூட்டில வறுத்துத் திருப்பிப் பாவிக்கலாம். இராமபாணப் பூச்சிக்குப் பூச்சி உருண்டையைத் துணியில முடிஞ்சு மூலையில வையுங்கோ, தாளில படக்கூடாது. பெரிய அளவுப் புத்தகத்தை நிமித்தி வையுங்கோ, சரிய விட்டா முதுகு பிரியும். வருசத்துக்கு ரெண்டு தரம் எடுத்து நிழலில விரியுங்கோ, வெயிலில இல்லை, சிவப்புத்தான் முதல் வெளிறும். கிழிஞ்சா செலோடேப் ஒட்டாதேங்கோ, நாலைஞ்சு வருசத்தில மஞ்சள் பட்டுத் தாளையும் சாப்பிடும். மாப்பசையும் மெல்லிய தாளும் போதும். செலோடேப் ஒட்டின புத்தகத்தை என்னட்டக் கொண்டு வராதேங்கோ.

கரைவலை

மேல நிக்கிறவருக்கு வேலை வெட்டி இல்லைப் போல.

முதலாவது புத்தகத்தின்ட முதல் பக்கம். தோர்கலைக் கடலுக்குள்ள பாறையில சங்கிலியால பிணைச்சு, தண்ணி ஏறிச் சாகட்டும் எண்டு காண்டால்ஃப் ராசா விட்டிட்டுப் போறான். பிறகு ஒத்தைக்கண் சிவத்த முடிக்காரி வந்து காப்பாத்துறாள். அப்பாவிட்டக் காட்டினன். அப்பா டச்சுக்குடாப் பக்கம் வலை இழுத்து வளந்தவர். பாத்த உடன, "விசரன். இவன் விடிய மட்டும் நிண்டாலும் இடுப்புக்கு வராது" எண்டார்.

எங்கட கடலுக்குச் சரிதான். திருமலையில வத்துக்கும் பெருக்குக்கும் ரெண்டடி வித்தியாசம் வந்தாப் பெரிசு. "அப்பா, அது நோர்வேப் பக்கம்" எண்டன். பிறகு நானே தேடிப் பாத்தா, நோர்வேயின்ட தெற்குக் கரையிலயும் எங்களை மாதிரிக் கொஞ்சம்தான் ஏறும். வடக்கே போனாத்தான் எட்டடி, பத்தடி. காண்டால்ஃப் வடக்கு வைக்கிங் ராசா, ஆனபடியால் வான் ஹாம் தப்பிட்டார். இதை அப்பாவுக்குச் சொல்லப் போனா, அவர் அதுக்கிடையில கப்பல் படத்துக்குப் போயிட்டார். பலகைக்கு மேல பலகை ஏத்தி ஆணி அடிச்சிருக்கிற அந்த வரிசையை ஒவ்வொண்டாத் தடவிக்கொண்டு, "கீறினவன் வள்ளத்துக்குக் கிட்டப் போய்ப் பாத்திருக்கிறான்ரா" எண்டார். பத்தாம் வகுப்பில நான் கீறின கப்பலைப் பாத்து ஒரு நாளும் இப்பிடிச் சொன்னதில்லை. சரி, விடுங்கோ.

பாலையூற்று வாசகன்

ஆரிசியா அக்கா, நீங்கள் தோர்கலைத் திட்டுறியள், திட்ட வேண்டியது வான் ஹாமை. அவர் எழுதின மற்றப் படக்கதை இரத்தப் படலத்திலயும் (XIII) நாயகனுக்கு நினைவு இல்லை, இங்கயும் நாயகனுக்கு நினைவு போகுது. ஒரே கையில ரெண்டு மறதி. அங்க 1984 இல முதல் பக்கத்திலயே மறந்திட்டான். இங்க 19 புத்தகம் வாசிச்சு நாங்கள் அவனோட வளந்த பிறகு மறக்கிறான். எனக்கு ரெண்டாவதுதான் வலிச்சது.

36 ஓட நிப்பாட்டின ஆக்களும் இருக்கினம், நான் அந்தக் கட்சி. 2018 இல வந்த 36 ஓட ரொசின்ஸ்கி உள்பக்கங்களைக் கீறுறதை விட்டிட்டார், 37 இல இருந்து பிரெட் வின்யோ. நல்ல கைதான். ஆனா அடுத்த வீட்டுக்காரன் எங்கட அண்ணையின்ட சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தது மாதிரி.

உவர்மலைக்காரன்

அக்கா, அவன் நினைவை இழக்கக் கேக்கேல்ல. கடவுளர் என்னை மறக்கட்டும், பெண்சாதி பிள்ளையோட சும்மா இருக்கவிடட்டும் எண்டுதான் கேட்டவன். கேட்டது ஒண்டு, கிடைச்சது வேற.

ஆரிசியா பக்கம்

கேக்க முன்னம் வீட்டில ஒரு வார்த்தை கேட்டவரோ? 16 ஆவதில ஓநாய்க் குகைக்குள்ள தனியப் பிள்ளை பெத்தவள் அவள். குடும்பத்துக்காக எண்டு சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் தனிய முடிவெடுக்கிற ஆம்பிளை. இதில என்ன மாயாஜாலம் இருக்கு?

கரைவலை

அக்கா வெண்டிட்டா.

கிண்ணியாப் பாலம்

சண்டைய நிப்பாட்டுங்க. அக்கா சொன்ன அந்த 16 ஆரிட்ட இருக்கு? மருமகள் கேக்குறா. அந்தக் குகையில பிறக்கிற பெட்டைப் புள்ள மிருகத்தோட கதைப்பாள் எண்டு சொல்லித் தொலைச்சிட்டன், இப்ப விடுறா இல்ல. எந்தப் பதிப்பெண்டாலும் பரவாயில்ல.

ஆரிசியா பக்கம்

என்னட்ட இருக்கு நானா. சனிக்கிழமை காலமை மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வாங்கோ. முதுகில செலோடேப் ஒட்டியிருக்கு, முன்னுக்கே சொல்லிப்போட்டன்.

போட் எழுதுறவரின்ட மருமகன்

ஐயோ.