ஒலியை நிறுத்திவிட்டு 'வெர்டிகோ' பார்த்த வகுப்பு

முதுகலையில் பெண்ணியத் திரைப்படக் கோட்பாடு எனக்கு விருப்பப் பாடம். வழக்கம்போல பிரிட்டிஷ் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வியில்தான் தொடங்கினோம். ஹாலிவுட் படங்கள் ஆணைப் பார்க்கிறவனாகவும் பெண்ணைப் பார்க்கப்படுகிறவளாகவும் வைக்கின்றன என்று சொல்லும், 1975-இல் 'ஸ்கிரீன்' இதழில் வந்த சின்னக் கட்டுரைதான், ஆனால் உளப்பகுப்பாய்வாளர்கள் ஃபிராய்டும் லக்கானும் வாசலிலேயே நிற்பார்கள். எங்கள் பேராசிரியர் கட்டுரையை விளக்கவே இல்லை. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வில் (1958) முன்னாள் துப்பறிவாளன் ஸ்காட்டி, தான் பின்தொடர வேண்டிய மேடலினை முதன்முதலாகப் பார்க்கும் உணவகக் காட்சியை ஒலி இல்லாமல் ஓட்டினார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே கேள்வி: இப்போது பார்ப்பது யார்?

ஸ்காட்டி பாரில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறான். கேமரா அவனை விட்டுப் பின்வாங்கி, சிவப்புச் சுவர்களுக்கு நடுவே கூடத்தைக் கடந்து, மேடலினின் திறந்த முதுகை நோக்கி மெல்லப் போகிறது. அவன் இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. கேமராதான் ஆசைப்பட்டுப் போகிறது, நம்மையும் கூட்டிக்கொண்டு. கேமராவின் பார்வையும் பார்வையாளரின் பார்வையும் பாத்திரத்தின் பார்வைக்குள் ஒளிந்துகொள்கின்றன என்று மல்வி சொல்வது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

ஆனால் ஓர் இடத்தில் மல்வியோடு எனக்கு இன்றும் ஒப்புதல் இல்லை. பிற்பாதியில், ஹோட்டல் அறையில் தனியாக இருக்கும் ஜூடி நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். மேடலினாக நடித்தவள் அவள்தான் என்ற உண்மை நமக்குத் தெரிந்துவிடுகிறது, ஸ்காட்டிக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவளுடைய உடையையும் முடியையும் மேடலினைப் போல மாற்றச் சொல்லி அவன் வற்புறுத்தும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் அவள் பக்கம்தான் நின்றேன். மல்வியோ, ஜூடியின் பார்வையில் வரும் அந்த ஒரு ஃபிளாஷ்பேக் நீங்கலாக என்று அரை வரியில் கடந்துவிடுகிறார். திரைப்பட ஆய்வாளர் டானியா மொட்லெஸ்கி 1988-இல் எழுதிய நூலில், ஹிட்ச்காக்கை முழுப் பெண்வெறுப்பாளர் என்றும் தள்ள முடியாது, பெண்களின் தோழர் என்றும் கொண்டாட முடியாது என்று வாதிடுகிறார். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

*

மேலே தோழி எழுதியதன் தொடர்ச்சியாக என் அனுபவம். எங்கள் பாடத்திட்டத்தில் மல்விக்கு அடுத்த வாரமே அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் வந்தார். எதிர்ப்புப் பார்வை பற்றிய 1992-ஆம் ஆண்டுக் கட்டுரை. முறைத்துப் பார்த்ததற்காகச் சின்ன வயதில் தண்டனை வாங்கியதிலிருந்துதான் அவர் பேச ஆரம்பிக்கிறார். அங்கிருந்து, பார்த்ததற்காகவே தண்டிக்கப்பட்ட அடிமைகளின் வரலாற்றுக்குப் போகிறார். "பொம்பளப் புள்ள, குனிஞ்ச தலை நிமிராம போ" என்று கேட்டு வளர்ந்தவள் நான். கட்டுரையை அதற்கு மேல் வாசிக்க முடியாமல் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

திரையில் ஏங்கிப் பார்க்கப்படுகிறவள் வெள்ளைக்காரி, பார்க்கிறவன் வெள்ளைக்காரன். கறுப்பினப் பெண் இரண்டு பேரோடும் ஒன்ற முடியாமல், விலகி நின்று கேள்வி கேட்டுப் பார்ப்பதிலேயே ஓர் இன்பத்தைக் கண்டாள் என்கிறார் ஹூக்ஸ். மல்வி பேசும் 'பெண்' எந்தப் பெண் என்று அந்த வகுப்பில் சண்டையே நடந்தது, மணி அடித்தும் யாரும் எழவில்லை. இந்தப் பாடம் எடுக்கப்போகிறவர்கள் இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வாசியுங்கள். நடுவில் இடைவெளி விட்டால் அந்தச் சூடு போய்விடும்.