நவம்பர் மான் வேட்டை: கம்பளியா, பொலியெஸ்ரரா?

புதுப்பரண்:

வணக்கம். நவம்பரில் ஒன்ராறியோவில் பான்க்ரொஃப்ற் பக்கம், துவக்குப் பருவத்தில் வெள்ளைவால் மானுக்குப் போக இருக்கிறோம். வகுப்பு, சோதனை, லைசன்ஸ் எல்லாம் முடிந்தது. உடுப்புத்தான் இன்னும் முடிவாகவில்லை. விடிய முன்னம் ஏற்றமான பாதையில் 40 நிமிட நடை. அதற்குப் பிறகு பரணில் நாலைந்து மணித்தியாலம் அசையாமல் இருக்கவேணும். காலமை மைனஸ் 8, பகலில் 4 பாகைக்கு ஏறி மழையோ ஈரப்பனியோ விழக்கூடும்.

இப்ப இருப்பது: ஜிம்முக்குப் போடுகிற பொலியெஸ்ரர் உள்ளுடுப்பு, ஒரு பிளீஸ் (மயிர்விட்ட பொலியெஸ்ரர் மேற்சட்டை), பனிச்சறுக்கு ஜக்கெற். மெரினோ என்கிற மெல்லிழைக் கம்பளி உள்ளுடுப்பு மேலும் கீழும் எடுத்தால் பொலியெஸ்ரரைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. அந்தக் காசுக்குப் பெறுமதியா? பனிச்சறுக்கு ஜக்கெற் மேலுக்குக் காணுமா? பழைய ஆட்கள் போடுகிற தடித்த கம்பளிக் கோட்டு இந்தக் காலத்திலும் தேவையா?

காட்டுத்தடம்:

உடம்பு முழுவதுக்கும் ஒரே துணி என்று தேடினால் எந்தத் துணியும் கைவிடும். உங்களுடைய நாளில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். சுமையோடு ஏற்றத்தில் நடக்கிற உடம்பு 400, 500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும். பரணில் சும்மா இருக்கிற உடம்பு ஏறத்தாழ 100 வாட்தான். நடையில் சரியாக இருக்கிற உடுப்பு இருப்பில் விறைக்க வைக்கும். இருப்புக்குச் சரியான உடுப்போடு நடந்தால் பரணடிக்குப் போகும்போது முதுகு நனைந்திருக்கும். பத்து மணிக்கு நடுங்கிக்கொண்டு இறங்குகிற ஆட்களில் பெரும்பாலானோர் காலை ஐந்தரைக்கே வேர்த்தவர்கள்.

தோலோடு ஒட்டுகிற அடுக்குக்கு என் வாக்கு மெரினோவுக்கு. காரணம் எளிது. 65 வீத ஈரப்பதனில் கம்பளி இழை தன் எடையில் 16 வீதம் அளவு நீராவியை உள்ளே வாங்கி வைத்திருக்கும், பொலியெஸ்ரர் 0.4 வீதம். காற்று முழுக்க ஈரமானால் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கும், அப்பவும் தொட்டால் ஈரம் தெரியாது. அதாவது 200 கிராம் சட்டை 60 கிராமுக்குக் கிட்ட நீராவியை விழுங்கிவிடும். லேசாக வேர்த்துவிட்டு உட்காருகிற ஆளுக்கு இந்தத் தாங்கல்தான் தேவை. மணம் பிடிக்காதது இரண்டாவது நன்மை. பொலியெஸ்ரர் உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும், இரண்டாம் நாளே நாறும். மானின் மூக்கை எந்தத் துணியும் ஏமாற்றாது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதுதான் முதல். ஆனாலும் நாலு நாள் கூடாரத்தில் ஒரே உடுப்போடு இருக்கிற ஆட்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

வாங்கும்போது லேபலில் இரண்டு எண்ணைப் பாருங்கள். இழையின் பருமன் 18.5 மைக்ரோனோ அதற்குக் கீழோ என்றால் தோலில் உறுத்தாது. சதுர மீற்றருக்கான எடை, நடையோடு கூடிய உங்கள் நாளுக்கு மேலுக்கு 150 முதல் 200 கிராம், காலுக்கு 200 முதல் 250. நூறு வீத மெரினோவில் 150 கிராம் துணி முழங்கையிலும் முதுகுப்பைப் பட்டி உரசுகிற தோளிலும் சீக்கிரம் ஓட்டை விழும். பத்துப் பதினைந்து வீதம் நைலோன் கலந்தது கூடக் காலம் உழைக்கும். அது கலப்படம் என்று முகம் சுழிக்க வேண்டியதில்லை.

குளிர்நாடன்:

நான் ஆல்பர்ட்டா பக்கம். மேலே சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. மீதிப் பாதியில் ஒரு எச்சரிக்கை. “கம்பளி நனைந்தாலும் சூடாக இருக்கும்” என்று எல்லாரும் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கம்பளி நீராவியை உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பம் வெளிவருவது உண்மை. ஆனால் இழை நிறைந்ததும் அது நின்றுவிடும். சுருள் இழை படிந்துபோகாமல் நடுவே காற்றை வைத்திருப்பதால் நனைந்த பருத்தியைவிட மேல், அவ்வளவுதான். சொட்டச் சொட்ட நனைந்த கம்பளியும் உடம்புச் சூட்டை இழுக்கும். காய்வதற்கோ நேரம் எடுக்கும். பாலியஸ்டர் இழைக்குள் தண்ணீர் போகாது, இழைகளுக்கு இடையில்தான் நிற்கும். உதறினால் பாதி போய்விடும், மீதியை உடம்புச் சூடே விரட்டிவிடும்.

ஆகவே உங்கள் உடல்வாகைப் பாருங்கள். லேசாக வியர்ப்பவர் என்றால் மெரினோ. பத்து நிமிடம் ஏறினாலே ஊறிப்போகிறவர் என்றால் நடைக்கு உங்கள் ஜிம் சட்டையே போதும். பரணடியில் அதைக் கழற்றிவிட்டு, பையில் உலர்வாக வைத்திருக்கும் மெரினோவைப் போடுங்கள். மைனஸ் 8இல் வெற்று உடம்போடு அரை நிமிடம் நிற்க மனம் வராது, ஆனால் அந்த அரை நிமிடம்தான் அடுத்த நாலு மணி நேரத்தைக் காப்பாற்றும். கழற்றிய ஈரச் சட்டையை உறையில் கட்டிப் பையின் அடியில் போட்டுவிடுங்கள்.

எது சூடு தரும் என்ற கேள்விக்கு என் பதில், உள்ளுடுப்பு இல்லை, பையில் கொண்டுபோகும் பஞ்சடைத்த ஜாக்கெட். பிரைமாலாஃப்ட் போன்ற செயற்கைப் பஞ்சு இங்கே கம்பளியைத் தோற்கடிக்கும். அந்தப் பஞ்சே அமெரிக்க ராணுவத்துக்காக, நனைந்தால் கட்டியாகிவிடும் வாத்து இறகுக்கு மாற்றாக உருவாக்கப்பட்டதுதான். சதுர மீட்டருக்கு 100 கிராம் நிரப்பிய ஜாக்கெட் சுமார் அரைக்கிலோ. கெஜத்துக்கு 24 அவுன்ஸ் எடையுள்ள கெட்டியான கம்பளித் துணியில் தைத்த கோட்டு இரண்டு கிலோவுக்குப் போகும், மழையில் இன்னும் கனக்கும். 40 நிமிடம் ஏற்றத்தில் அதை யார் சுமப்பது? வண்டியை விட்டு இறங்கி ஐந்து நிமிடத்தில் உட்காருகிறவருக்கு அந்தக் கோட்டு சரி.

ஒன்றே ஒன்று: பஞ்சு ஜாக்கெட்டை எப்போதும் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கீழே இருக்கும் அடுக்குகளை அது நசுக்கினால் உள்ளே காற்று இருக்காது, காசு போனதுதான் மிச்சம்.

மௌனம்:

பஞ்சு ஜக்கெற்றின் சூடு சரி, அதின்ர வெளித்துணியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வழுவழுப்பான நைலோன். கையைத் தூக்கினால் சரசர என்று கேட்கும். மானுக்கு எங்களுக்குக் கேளாத உயர்ந்த சத்தமும் கேட்கும். பரணில் துவக்கைத் தோளுக்கு எடுக்கிற அந்த ஒரு அசைவில்தான் எல்லாம் கெடும். அதனால் பஞ்சு உள்ளே, சத்தமில்லாத கம்பளியோ பிளீஸோ வெளியே. பனிச்சறுக்கு ஜக்கெற் நீர் புகாத மென்படலம் ஒட்டினது, குளிரில் இன்னும் விறைத்துச் சத்தம் போடும். மழை தொடங்கினால் போட மட்டும் பையில் வையுங்கோ.

கடையில் சூடான அறைக்குள் உரசிப் பார்த்து முடிவெடுக்காதேங்கோ. ஜக்கெற்றை ஒரு இரவு வெளியில், அல்லது குளிர்பெட்டியின் உறைபகுதியில் போட்டுவிட்டு, காலமை கைப்பகுதியைக் காதுக்குக் கிட்ட வைத்து உரசுங்கோ. உண்மை அப்பதான் தெரியும். வெல்குரோ ஒட்டுப்பட்டி இருக்கிற பை மூடிகளும் வேண்டாம், பொத்தான் நல்லது.

பிளீஸுக்கு ஒரு குறை: காற்று நேரே ஊடுருவும். பின்னின கம்பளியும் அப்படித்தான். மைனஸ் 5இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 13 மாதிரி. பரண் மேலே காற்று கூட. நெருக்கமாக நெய்து அடித்த கம்பளி பரவாயில்லை. பிளீஸ்தான் வெளியே என்றால் உள்ளே மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று வேணும். சத்தம் போடுகிற துணியை மேல் அடுக்கு மூடிவிடும். ஈரப்பனி பிளீஸின் மயிரில் ஒட்டி உருகும், அதையும் நினைவில் வையுங்கோ.

செம்மஞ்சள் சட்டம் தெரியும்தானே? ஒன்ராறியோவில் மான் துவக்குப் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் (2,580 சதுர சென்ரிமீற்றர்) பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்பு எல்லாப் பக்கத்தாலும் தெரிய வேணும், தலையிலும் வேணும். வலைத்துணியும் உருமறைப்புக் கோலம் போட்ட செம்மஞ்சளும் அந்தக் கணக்குக்குள் வராது. கம்பளிக் கோட்டு சிவப்புக் கட்டம் போட்டது என்றாலும் சட்டத்துக்கு அது செம்மஞ்சள் இல்லை. முதுகுப்பை போட்டால் பின்பக்கம் மறையும், பைக்கும் ஒரு உறை எடுங்கோ. செம்மஞ்சள் மேலங்கியை எல்லா அடுக்குக்கும் மேலால் போடக்கூடிய பெரிய அளவில், மயிர்விட்ட மெத்தென்ற துணியில் வாங்குங்கோ. மலிவானது பிளாஸ்ரிக் பை மாதிரிச் சத்தம்.

புதுப்பரண்:

எல்லாருக்கும் நன்றி. அப்ப உள்ளே மெரினோ, பையில் பஞ்சு, வெளியே சத்தமில்லாதது. வெளியடுக்குக்குப் பழைய இராணுவக் கம்பளிக் காற்சட்டையும் கோட்டும் பழைய உடுப்புக் கடைகளில் மலிவாகக் கிடக்கிறது. லேபல் கிழிந்திருந்தால் உண்மையான கம்பளிதானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? தோய்க்கிற முறையும் யாராவது சொல்லுங்கள். கால் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

நூல்கண்டு:

கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, உள்தையலில் இருந்து இரண்டு நூல் உருவுங்கள். குறட்டால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து, நெருப்புக் குச்சியைக் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்தால் அணைய முயலும், மயிர் கருகின மணம் வரும், மிஞ்சுகிற கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு கடினமான மணி மாதிரி நிற்கும். இரண்டும் தெரிந்தால் கலப்பு. வெளியடுக்குக்கு 80 வீதக் கம்பளி தாராளம். நெடுக்கு நூல், குறுக்கு நூல் இரண்டிலும் பாருங்கள், ஒன்று மட்டும் நைலோனாக இருக்கலாம்.

இதே சோதனை கூடாரத்துக்கும் பாடம். பொலியெஸ்ரர் 250, 260 பாகையில் உருகும். விறகடுப்புக் குழாயில் பிளீஸ் கை பட்டால் துணி உருகித் தோலில் ஒட்டும். கம்பளி உருகாது. தீப்பொறி விழுந்தால் சின்னக் கருகல், தட்டிவிட்டால் முடிந்தது.

பழைய கம்பளி வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் பூச்சி தின்றது. ஓட்டை இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் கொண்டுவர முன்னம் காற்றுப் புகாத பையில் கட்டி, உறைகுளிரூட்டியில் மைனஸ் 18இல் இரண்டு கிழமை விடுங்கள், முட்டைகள் சாகும். காற்சட்டை எடுத்தால் தோள்பட்டி பிடிக்கிற பொத்தான் இருக்கிறதா பாருங்கள். கனத்த கம்பளியை இடுப்புப்பட்டி தாங்காது, ஒவ்வொரு படிக்கும் இறங்கும்.

தோய்ப்பு. கம்பளி புரதம். சாதாரண சவர்க்காரத் தூளில் கறை நீக்கப் போடுகிற புரோட்டியேஸ் நொதியம் புரதத்தைத் தின்னும், ஆகவே கம்பளிக்கென்று விற்கிற நொதியமில்லாத திரவம். 30 பாகைக்கு மேல் போகாதீர்கள். சுருங்குவதற்குக் காரணம் சூடு மட்டும் இல்லை. ஈரத்தோடு அடித்துக் கசக்கும்போது இழையின் செதில்கள் ஒன்றோடு ஒன்று கொழுவிக்கொள்ளும், பிறகு விடாது. முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தி, தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். உலர்த்தி இயந்திரத்துக்குள் போனால் உங்கள் கோட்டு பிள்ளைக்குத்தான் அளவாக வரும்.

பொலியெஸ்ரருக்கு வேறு தவறு நடக்கும். துணி மென்மையாக்கி போட்டால் இழையில் மெழுகு மாதிரிப் படிந்து வேர்வையை இழுக்கிற திறன் போய்விடும். எல்லாத் துணிக்கும் பொதுவான தவறு, பளிச்சென்று வெளுக்க வைக்கிற ஒளியூட்டி கலந்த சவர்க்காரம். மானுக்குச் செம்மஞ்சள் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் நீலமும் அதற்கு அப்பால் இருக்கிற புற ஊதாவும் எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒளியூட்டி அந்தப் பக்கத்தில்தான் மின்னும். செம்மஞ்சள் மேலங்கிக்கும் இதே கவனம்.

காட்டுத்தடம்:

கால். பூட்ஸுக்குள் இரண்டு தடித்த சொக்ஸை இறுக்கிப் போடுவதுதான் அதிகமாக நடக்கிற பிழை. இரத்தம் ஓடாத காலுக்கு எந்தக் கம்பளியும் உதவாது. விரல்களை உள்ளே தாராளமாக ஆட்ட முடியவேணும். மெல்லிய ஒன்று, அதற்கு மேலே நடுத்தரத் தடிப்பில் 70 வீதம் மெரினோ உள்ள ஒன்று, போதும். றப்பர் பூட்ஸ் வேர்வையை வெளியே விடாது, ஆகவே பரணடியில் சொக்ஸையும் மாற்றுங்கள். உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை உள்ள பூட்ஸ் என்றால் ஒவ்வொரு இரவும் உறையை வெளியே எடுத்துக் காயப்போட வேணும். எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் அது ஈரப் பஞ்சு.

சூடாக்கும் பொட்டலங்கள் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிப்பதால்தான் சூடாகின்றன. இறுக்கமான பூட்ஸுக்குள் காற்றில்லாமல் அவை அணைந்துபோகும். காலுக்கென்று செய்த வகையை எடுங்கள், பூட்ஸ் போட முன்னமே உறையைப் பிரித்துக் கொஞ்ச நேரம் காற்றுப் பட விடுங்கள். இருக்கைக்குக் கீழே அரை அங்குல நுரைத்தட்டு ஒன்று, காலடிக்கு ஒன்று. இரும்புப் பரண் கீழிருந்து சூட்டை உறிஞ்சுவதை எந்த ஜக்கெற்றும் நிறுத்தாது.

கடைசியாக, எல்லா அடுக்கையும் போட்டபடி வீட்டில் இரண்டு ஒத்திகை. ஒன்று, பரணில் இருந்து விழாமல் உடம்பைக் கயிற்றோடு பிடிக்கிற பாதுகாப்புப் பட்டி: மெல்லிய உடுப்புக்கு அளவெடுத்த பட்டி தடித்த கோட்டுக்கு மேலே பூட்டாது, பூட்டினாலும் தொடைப்பட்டி ஏறிக்கொள்ளும். இடையடுக்குக்கு மேலே பட்டியைக் கட்டி, பஞ்சு ஜக்கெற்றை அதற்கு மேலே போட்டு, கயிறு கழுத்துக்குப் பின்னால் தடையில்லாமல் வெளியே வருகிறதா பாருங்கள். மற்றது, குண்டு இல்லாத துவக்கைத் தோளுக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டு அங்குல உடுப்பு இடையில் வந்தால் துவக்கின் பின்பகுதி நீண்டதுபோல் ஆகிவிடும், அக்குளில் கொழுவும், கண் தொலைநோக்கிக்குச் சரியாக வராது. கொழுவினால் தோள்ப்பக்கத்து அடுக்கில் ஒன்றைக் கையில்லாத மேலங்கியாக மாற்றுங்கள். நெஞ்சுக்குச் சூடு அப்படியே இருக்கும், தோள் மெலியும்.