மார்கஸை ஓரங்கட்டுவது சரியா? குதிரைவீரர் ஒருவரின் பயனை எதைக் கொண்டு அளப்பது?

வெள்ளவத்தைக்காரன் எழுதியது:

வணக்கம். கட்டங்கள் மீது வீரர்களைச் சுற்று முறையில் நகர்த்திப் போரிடும் விளையாட்டான 'ஃபயர் எம்ப்ளம்: த பிளேஸிங் பிளேட்' 2023 ஆம் ஆண்டில் நின்டெண்டோ சுவிட்சின் இணையச் சேவையில் சேர்க்கப்பட்ட பிறகுதான் அதை நான் முதன்முறையாக விளையாடத் தொடங்கினேன். எலிவுட் என்ற நாயகனின் கதையில் தொடக்க அத்தியாயங்களில் இப்போது நிற்கிறேன். போயா விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டில் கூடும் நண்பர்களிடையே, எலிவுட்டின் படையிலுள்ள மூத்த குதிரைவீரரான மார்கஸைப் பற்றிய வாதம் ஒன்று முடிவில்லாமல் இழுபடுகிறது.

ஒரு தரப்பின் வாதம் இதுதான்: மார்கஸ் ஏற்கெனவே பலடின் என்ற உயர்நிலைக் குதிரைவீரர் வகுப்புக்கு உயர்ந்துவிட்டவர், அவருடைய வளர்ச்சி வீதங்கள் (லெவல் கூடும்போது புள்ளிகள் உயரும் வாய்ப்பு) குறைவு, அவர் கொல்லும் ஒவ்வோர் எதிரியும் லோவென் போன்ற இளம் குதிரைவீரர்களுக்குப் போயிருக்க வேண்டிய அனுபவப் புள்ளிகளை விழுங்கிவிடுகிறது, ஆகவே வெள்ளி ஈட்டியைப் பறித்துக்கொண்டு அவரை ஒரு மூலையில் நிறுத்திவிட வேண்டும். மறுதரப்போ, இணையத்தில் காணப்படும் தரவரிசைப் பட்டியல்கள் பலவற்றில் அவர் உச்சியிலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டுகிறது. இரண்டு தரப்பும் அவரவர் அனுபவத்தை மட்டும் சொல்கின்றனவே தவிர, எதை அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. குதிரைவீரர் ஒருவர் பயனுள்ளவரா இல்லையா என்று தீர்மானிக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்? லோவெனை வளர்ப்பதற்காக மார்கஸை ஒதுக்குவது இலாபமா?

குதிரைமறம் எழுதியது:

தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்லும் வளர்ச்சி வீதக் கதையை முதலில் எண்களில் வைத்துப் பார்ப்போம், ஏனெனில் இந்த வாதம் பெரும்பாலும் அங்கேயே சரிந்துவிடுகிறது.

மார்கஸ் சேரும்போது அவருடைய உயிர்ப்புள்ளி 31, பலம் 15, திறமை 15, வேகம் 11, தற்காப்பு 10. இரண்டாம் லெவலில் வரும் லோவெனுக்கு உயிர்ப்புள்ளி 23, பலம் 7, திறமை 5, வேகம் 7, தற்காப்பு 7. இனி வளர்ச்சியைப் பாருங்கள். லோவெனின் பலம் லெவலுக்கு 30 சதவீத வாய்ப்புடன் உயர்கிறது. மார்கஸுக்கும் அதே 30 தான். வேகத்தில் லோவெனுக்கு 30, மார்கஸுக்கு 25. தற்காப்பில் மட்டுமே 40 க்கு எதிராக 15 என்ற பெரிய இடைவெளி உண்டு. உயிர்ப்புள்ளியில் 90 க்கு எதிராக 65. ஆக, "வளராத கிழவர், வளரும் இளைஞன்" என்று எல்லோரும் கதைக்கும்போது, தாக்கும் வலுவைப் பொறுத்தவரை இருவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் வளர்கிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

லோவென் வகுப்பு உயராமல் இருபதாம் லெவல் வரை போனாலும் சராசரியாக அவர் பலம் 12.4 தான் வரும். அதாவது, அத்தனை அத்தியாயங்கள் அவருக்கு எதிரிகளை ஊட்டி வளர்த்த பிறகும், மார்கஸ் முதல் நாள் கொண்டுவரும் பலத்தை அவர் எட்டுவதில்லை. எனவே "இப்போது மார்கஸ் நல்லவர், பிறகு லோவென் மிஞ்சிவிடுவார்" என்ற கணக்கு அடி வாங்கும் பொறுமையில் மட்டுமே உண்மையாகிறது. அடி கொடுப்பதில் அல்ல.

அளவுகோலைப் பற்றிக் கேட்டீர்கள். என் பார்வையில் ஒரு வீரரின் பயன் என்பது, அவர் களத்தில் இருப்பதால் அந்த அத்தியாயத்தில் உங்களுக்கு எது எளிதாகிறது என்பதுதான். கடைசி அத்தியாயத்தில் அவருடைய புள்ளிப் பட்டியல் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதல்ல. தொடக்க அத்தியாயங்களில் உங்களிடம் ஆட்கள் குறைவு, இருப்பவர்களும் மெலிந்தவர்கள், இறந்தவர் திரும்பி வரமாட்டார். அந்தக் கட்டத்தில் செய்யப்படும் உதவியின் பெறுமதி, பட்டாளமே வளர்ந்துவிட்ட பிறகு செய்யப்படும் அதே உதவியின் பெறுமதியைவிட மிக அதிகம்.

ஓர் எதிரியை எடுத்துக்கொள்வோம். இரும்புக் கோடரி ஏந்திய கொள்ளையன் ஒருவன். உயிர்ப்புள்ளி 20, பலம் 5, வேகம் 5, தற்காப்பு 3, அதிர்ஷ்டம் 0 என்று வையுங்கள். கோடரிக்கு எதிரே ஈட்டி பாதகமானது என்பதால் தாக்குதலில் 1 குறையும், குறி தவறாமையில் 15 குறையும். அப்படியிருந்தும் மார்கஸின் வெள்ளி ஈட்டி 25 சேதம் செய்து ஒரே அடியில் அவனை வீழ்த்துகிறது. குறி தவறாத வாய்ப்பு திரையில் 84 சதவீதம் என்று காட்டும், ஆனால் கேம் பாய் அட்வான்ஸ் காலத்து இந்த விளையாட்டுகள் இரண்டு எழுமாற்று எண்களின் சராசரியை எடுப்பதால் உண்மையான வாய்ப்பு ஏறக்குறைய 95. லோவென் இரும்பு ஈட்டியால் குத்தினால் 10 சேதம், திரையில் 66, உண்மையில் ஏறக்குறைய 77. வேக வித்தியாசம் 4 இல்லாததால் இரண்டாவது அடியும் கிடைக்காது. அவர் ஒருவனைக் கொல்ல இரண்டு சுற்றுகளாவது வேண்டும், அதற்குள் அவன் திருப்பி அடிப்பான்.

அந்தத் திருப்பி அடிக்கும் கணக்கு இன்னும் கடுமையானது. இருவரும் ஆயுதமின்றி நிற்கிறார்கள் என்று வைத்தால், கொள்ளையனின் தாக்குதல் 13. மார்கஸுக்கு 3 சேதம், லோவெனுக்கு 6. லோவென் நான்காவது அடியில் இறப்பார். மார்கஸைக் கொல்லப் பதினொன்று அடிகள் வேண்டும்.

அனுபவப் புள்ளி விழுங்கப்படுவது பற்றிய கவலை அடியோடு தவறானது என்று சொல்லமாட்டேன். வகுப்பு உயர்ந்தவரை விளையாட்டு இருபது லெவல் கூடுதலாக வைத்தே கணக்கிடுகிறது. அதனால் மார்கஸுக்குக் கிடைப்பது சொற்பம், அதே கொலை லோவெனுக்குக் கூடுதலாகத் தரும். ஆனால் இதற்குத் தீர்வு மார்கஸை மூலையில் நிறுத்துவது அல்ல. ஆயுதத்தை எடுத்துவிட்டு அவரைப் பாலத்தின் முனையிலோ வாசலிலோ நிறுத்துங்கள். எதிரிகள் வந்து அவர் மீது முட்டி நிற்பார்கள், அவர் திருப்பி அடிக்கமாட்டார், உங்கள் சுற்றில் வில்லாளி ரெபெக்காவும் லோவெனும் எலிவுட்டும் அவர்களை முடித்துக்கொள்ளலாம். இரும்பு வாளைக் கொடுத்துப் பலவீனப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். மேலே சொன்ன கொள்ளையனுக்கு அது சரிவராது, ஏனெனில் மார்கஸின் வேகம் அவனை விட 6 அதிகம், இரண்டு அடிகள் விழும், ஓர் அடிக்கு 18 வீதம் அவன் செத்தே போவான்.

குதிரையின் இன்னொரு பயனைப் பட்டியல் போடுபவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த விளையாட்டில் குதிரைவீரர் தாக்கிய பிறகு நகர முடியாது. ஆனால் தோழர் ஒருவரைக் குதிரையில் தூக்கிய பிறகோ, இறக்கிவிட்ட பிறகோ, பொருள் மாற்றிய பிறகோ, கிராமத்துக்குள் போய் வந்த பிறகோ மீதமுள்ள நகர்வைப் பயன்படுத்தலாம். ஆண் குதிரைவீரர் தூக்கக்கூடிய எடை, 25 இலிருந்து அவருடைய உடற்கட்டை (உடலின் பருமனைக் காட்டும் எண்) கழித்தால் வருவது. மார்கஸின் உடற்கட்டு 11, ஆகவே உடற்கட்டு 14 வரை உள்ளவரைத் தூக்குவார். கோடரி வீரர் ஹெக்டரின் உடற்கட்டு 13. சுற்றுக்கு ஐந்து கட்டம் மட்டுமே நடக்கும் ஹெக்டரை மூன்று கட்டம் போய்த் தூக்கி, அதே சுற்றில் மேலும் ஐந்து கட்டம் கொண்டுபோய்விடலாம். தூக்கியிருக்கும்போது வேகமும் திறமையும் பாதியாகும், அதனால் அந்நேரம் சண்டைக்கு அனுப்பாதீர்கள். தற்காப்பு குறையாது என்பதால் ஓரிரு அடி வாங்குவதில் ஆபத்தில்லை.

கொட்டாஞ்சேனைக் காலாள் எழுதியது:

மேலே எழுதிய அண்ணாவின் எண்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மார்கஸின் புகழில் எவ்வளவு பங்கு குதிரைக்கு உரியது, எவ்வளவு பங்கு அவருடைய தொடக்கப் புள்ளிகளுக்கு உரியது என்பதை அவர் பிரிக்கவில்லை. மேலே உள்ள கொள்ளையன் கணக்கை மீண்டும் படியுங்கள்: பலம், வேகம், தற்காப்பு, வெள்ளி ஈட்டி ஆகியவைதான் அங்கே வேலை செய்கின்றன. அதே புள்ளிகளுடன் ஒரு காலாள் வந்திருந்தாலும் அந்தக் கொள்ளையன் செத்திருப்பான்.

கேள்வி குதிரைவீரரின் பயனைப் பற்றியது என்றால், எட்டுக் கட்ட நகர்வு உண்மையில் எப்போது கைகொடுக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். எதிரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒடுங்கிய வழியில் அது மாலை ஐந்து மணி நெரிசலில் கொழும்பின் காலி வீதியில் ஓடும் விலையுயர்ந்த மோட்டார் சைக்கிளைப் போன்றது. முன்னால் நிற்கும் பஸ்ஸைத் தாண்ட முடியாது. காட்டுக் கட்டமொன்றுக்குள் நுழையக் காலாளுக்கு இரண்டு நகர்வு செலவாகும்போது குதிரைக்கு மூன்று செலவாகிறது. நபட்டா பாலைவனத்து அத்தியாயத்தில் குதிரைவீரர்கள் மணலில் தவழ்வார்கள், மந்திரவாதிகளும் திருடர்களும் பறப்பவர்களும் அவர்களைத் தாண்டிப் போவார்கள். குதிரைகளுக்கென்றே செய்யப்பட்ட ஈட்டியும் வாளும் கோடரியும் எதிரிகளிடம் இருக்கும். கடினப் பயன்முறையில் எதிரியின் கைப்பொருளைப் பார்க்காமல் குதிரையை முன்னே விட்டால் ஒரே சுற்றில் கதை முடிந்துவிடக்கூடும்.

இன்னொன்று: தனியாக முன்னே ஓடிய குதிரைவீரர், பின்னால் ஐந்து கட்டமாகவும், கனத்த கவசம் பூண்ட ஒஸ்வின் போல நான்கு கட்டமாகவும் வருகின்ற மற்றவர்கள் சேரும் வரை காத்திருக்கத்தான் போகிறார். அவரால் தனித்து உயிர் பிழைக்க முடியும் என்றால் மட்டுமே அந்த ஓட்டத்துக்கு அர்த்தம். மார்கஸால் முடியும், தொடக்க நிலை லோவெனால் முடியாது. ஆகவே நகர்வைத் தனியான நன்மையாகக் கூட்டக் கூடாது. தாங்கும் வலுவோடு பெருக்கியே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தொடரின் மற்றப் பாகங்களில் இந்தக் கணக்கே மாறிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். 1996 இல் வந்த நான்காம் பாகத்தில் குதிரைவீரர் தாக்கிய பிறகும் நகரலாம், வரைபடங்களும் மிகப் பெரியவை. அங்கே காலாட்கள் பாவப்பட்ட பிறவிகள். 1999 இல் வந்த ஐந்தாம் பாகத்தில் கட்டடத்துக்குள் நுழைந்தால் குதிரையை விட்டு இறங்கியே ஆக வேண்டும். "குதிரை எப்போதும் நல்லது" என்று ஒரு பாகத்தின் அனுபவத்தை இன்னொரு பாகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பம்பலப்பிட்டி எஸ்_தரம் எழுதியது:

நீங்கள் எதற்காக விளையாடுகிறீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. இந்த விளையாட்டு இறுதியில் தரம் வழங்குகிறது. எத்தனை சுற்றுகளில் முடித்தீர்கள் என்பது ஒன்று, எவ்வளவு அனுபவப் புள்ளி சேர்த்தீர்கள் என்பது இன்னொன்று. மார்கஸை நிறையப் பயன்படுத்தினால் முதலாவதற்கான தரம் உயரும், இரண்டாவதற்கான தரம் விழும். உயர்ந்த தரம் பெறுவதே நோக்கமென்றால் உங்கள் நண்பர்களின் "ஒதுக்கி வை" வாதத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. யாரையும் இழக்காமல் கதையை முடிப்பதுதான் நோக்கமென்றால், தலைவாசலில் நிற்கும் காவலாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு காரணமும் இல்லை.

வெள்ளவத்தைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தரம் எனக்கு முக்கியமில்லை. ஒருவரையும் சாகவிடாமல் முடிக்க வேண்டும் என்பதே விருப்பம். நகர்வைத் தாங்கும் வலுவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும் என்ற கருத்து எனக்கு நன்றாக விளங்குகிறது. மார்கஸை ஆயுதமின்றி ஒடுங்கிய வழியில் நிறுத்தி மற்றவர்களை வளர்ப்பேன். ஒரு துணைக் கேள்வி மட்டும்: எனக்குக் கிடைக்கும் முதல் நைட் கிரெஸ்ட்டை (குதிரைவீரரைப் பலடினாக உயர்த்தும் பொருள்) லோவெனுக்குக் கொடுப்பதா, இன்னொரு குதிரைவீரரான செயினுக்குக் கொடுப்பதா?

குதிரைமறம் எழுதியது:

இருவரில் முதலில் பத்தாம் லெவலைத் தொட்டவர் யாரோ அவருக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் நான் செயினுக்கே கொடுப்பேன். அவருடைய பலத்தின் வளர்ச்சி 60 சதவீதம்; பத்தாம் லெவலில் சராசரியாக 13.4 இருக்கும், வகுப்பு உயர்ந்தால் இன்னும் 1 கூடும். அப்போது மார்கஸின் தொடக்கப் பலத்துக்கு அருகே நிற்கும் இரண்டாவது பலடின் உங்களுக்குக் கிடைக்கிறார், கோடரியும் ஏந்துவார். தற்காப்பில் அவர் லோவெனைவிட மெல்லியவர்தான். திறமையும் தொடக்கத்தில் 4 மட்டுமே என்பதால், வாள் ஏந்திய எதிரிக்கு ஈட்டியையும் கோடரி ஏந்தியவனுக்கு வாளையும் மாற்றிக் கொடுக்கச் சோம்பாதீர்கள், இல்லாவிட்டால் அவருடைய அடிகளில் பாதி காற்றில்தான் போகும்.

கொட்டாஞ்சேனைக் காலாள் எழுதியது:

செயின் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். லோவெனைக் கைவிட வேண்டாம். அவருடைய உடற்கட்டு 10, எனவே 15 வரை தூக்குவார், அது மார்கஸைவிட ஒன்று அதிகம். அவர் ஒருவரையும் கொல்லாவிட்டாலும், காயப்பட்ட ரெபெக்காவை வில்லாளிகளின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் இறக்க ஒரு குதிரை எப்போதும் தேவைப்படும்.