கண் முகாமிலிருந்து திரும்பி வந்த அம்மா: உங்கள் வீட்டு ரத்த அழுத்த அனுபவங்களையும் எழுதுங்கள்

மன்னார்குடி

போன தை மாதம் அம்மாவைக் கண் முகாமுக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் எழுதுவதற்கு முன் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார்கள். 196/104. சற்று நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள். 190/102. இதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு கண்ணைப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவுக்குக் கடுங்கோபம். "காலையில் களத்தில் நெல் காயப் போட்டுவிட்டுத்தானே வந்தேன். தலை சுற்றவில்லை, மயக்கமில்லை. எனக்கு எங்கேயடா பிரஷர்?" என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரஷர் என்றால் தலை வலிக்கும், கண் இருட்டும், படபடக்கும் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் அம்மாவிடம் கேட்டார்: "ஆற்றில் தண்ணீர் நிறைய வந்தால் கரை சத்தம் போடுமா? அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். உடைகிற அன்றுதானே தெரியும்?" அம்மா அதன்பிறகு பேசவில்லை. காவிரிக் கரையில் பிறந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியுமே இருக்காதாம்.

மேல் எண் என்பது இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் உள்ள அழுத்தம். கீழ் எண் இதயம் தளரும்போது இருப்பது. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்த அழுத்த நோய். இரண்டில் ஒரு எண் மட்டும் கூடியிருந்தாலும் கணக்குதான். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் ஏதாவது சேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் உப்பைக் கணக்குப் பார்த்தபோது எனக்கே பயமாகிவிட்டது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். அம்மாவுக்குக் காலையில் பழைய சோற்றுக்கு நார்த்தங்காய், மதியம் மோர் மிளகாய், வாரத்தில் மூன்று நாள் கருவாடு. குழம்பில் போடும் உப்பை மட்டும்தான் நாம் உப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரத்தில் 138/82 வந்தது. பங்குனியில் ஒரு கண் முடிந்தது.

கும்பகோணம்

வீட்டில் கருவி வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்குத் தினமும் 160க்கு மேல் காட்டியது. பயந்துபோய் மாத்திரையைக் கூட்டச் சொல்லலாம் என்று மருத்துவரிடம் ஓடினோம். எப்படிப் பார்க்கிறீர்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். காபி குடித்த கையோடு, கட்டிலில் காலைத் தொங்கவிட்டபடி, பேரனோடு பேசிக்கொண்டே பார்த்திருக்கிறோம். பட்டையும் அவர் கைக்குச் சிறியது. சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும்.

இப்போது காபிக்கு முன்பே, சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருகிறார். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். 140ஐ ஒட்டி நிற்கிறது. வீட்டில் பார்க்கும்போது 135/85 என்பதே எல்லை என்றார், ஆகவே அப்பாவுக்கு மாத்திரை தொடர்கிறது. ஆனால் தேவையில்லாமல் கூட்டவில்லை.

வேதாரண்யம்

என் தம்பி உப்பளத்தில் வேலை பார்த்தவன். மாத்திரை சாப்பிட்டு 130 வந்ததும், சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டான். கணுக்கால் வீங்குகிறது என்பதும் ஒரு காரணம். அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்கு அப்படி வீங்கும், மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மாத்திரைதான் அந்த 130ஐப் பிடித்து வைத்திருந்தது என்பதும் தெரியாது.

எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. படுத்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, 108ஐ அழைத்தேன். பக்கவாதம். உயிர் பிழைத்தான், பேச்சும் வந்துவிட்டது. இடது கை விரல்கள் இன்னும் மூடவில்லை. அவனுக்கு 44 வயது.

மன்னார்குடி

வேதாரண்யத்து அக்கா எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண் முடிந்துவிட்டதே, மாத்திரை எதற்கு என்று அவரும் நேற்றுதான் கேட்டிருந்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கு வந்து மாத்திரை தரும் பெண்ணிடம், இந்த மாதம் வேண்டாம் என்றுகூடச் சொல்லி வைத்திருந்தாராம். வாசித்து முடித்ததும், "அந்தப் பெண்ணை வரச் சொல்" என்றார்.

கும்பகோணம் நண்பர் சொன்னபடி இன்று காலை காபிக்கு முன் உட்கார வைத்துப் பார்த்தேன். முதலில் 142/84, அடுத்தது 136/82. இரண்டாவது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அதுவரை காலையும் மாலையும் பார்த்து எழுதப் போகிறோம்.