பத்மினி ஃப்ளோர் தகடு பொத்துக்குது: 20,000-க்குள்ள எந்த வெல்டிங் மிஷின்?

பத்மினிக்காரன்:
வண்டி பழைய பிரீமியர் பத்மினி கார். டிரைவர் கால் வைக்கிற ஃப்ளோரும், கதவுக்குக் கீழ ஓடுற பெட்டித் தகடும் துரு தின்னுடுச்சு. இப்ப இருக்கிறது 200 ஆம்ப் ஆர்க் இன்வெர்ட்டர், அதாவது ராடு வெல்டிங் மிஷின். 2.5 மி.மீ. ராடு, 60 ஆம்ப், புதுத் தகடு 1 மி.மீ. தொட்டதும் பொத்துக்கிட்டுப் போகுது, ஆம்ப் குறைச்சா ராடு ஒட்டிக்குது. ஹெல்மெட்டோட சேர்த்து 20,000 செலவு பண்ணலாம். இடம் சென்னை காசிமேடு, கடலோரம், வீட்டை ஒட்டின ஷெட், ஒரு பக்கம் திறப்பு. கேஸ் சிலிண்டர் அவசியமா, கேஸ் இல்லாத மிக் (ராடுக்குப் பதிலா உருளையிலிருந்து கம்பி தானா ஓடி வர்ற வெல்டிங்) போதுமா?

தகரடப்பா:
தப்பு உங்க கையில இல்லண்ணே. 2.5 ராடு ஒழுங்கா எரிய 65, 70 ஆம்ப் கேக்கும். 1 மி.மீ. தகடு தாங்குறது 40 பக்கம். ரெண்டுக்கும் நடுவுல செட்டிங்கே கிடையாது. ஆர்க்கை பிராக்கெட், ஸ்டாண்டுக்கு வெச்சுக்கோங்க, பாடிக்கு மிக் தான்.

பெட்டி மேல பெருசா அச்சடிச்ச 200, 250-ஐப் பார்த்து மயங்காதீங்க. உங்களுக்கு வேண்டியது கீழ் எல்லை: 30 ஆம்ப், 15 வோல்ட் பக்கம் இறங்கணும். அடுத்து, மூடியைத் திறந்து பாருங்க. டார்ச்சோட (கம்பி வெளிய வர்ற கைப்பிடி) பிளஸ், மைனஸை மாத்திப் போட வழி இருக்கணும். பின்னாடி கேஸ் குழாய் மாட்டுற இடமும் இருக்கணும். இந்த ரெண்டும் இல்லாத மிஷின் எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க. டார்ச் மிஷினோட நிரந்தரமா கோர்த்திருந்தா டிப் (கம்பி வெளிய வர்ற செப்பு முனை), லைனர் (கம்பி ஓடுற உள்குழாய்) தேடி அலையணும். யூரோ கனெக்டர்னு கழட்டி மாட்டுற பொது மாடல்னா பாரிமுனையில எந்த வெல்டிங் கடையிலயும் கிடைக்கும்.

டியூட்டி சைக்கிளுக்குப் பயப்பட வேணாம். 30 சதவீதம்னா 10 நிமிஷத்துல 3 நிமிஷம் தான் எரிக்கலாம், அதுவும் உச்ச ஆம்ப்புல. பாடி வேலையில நீங்க ஒரு விநாடி பத்த வெச்சுட்டு அஞ்சு விநாடி நிறுத்துறவரு.

உப்புக்காத்து:
கேஸ் விஷயம். கடல்காத்து ஏறுற மதியத்துல திறந்த ஷெட்டுல வெல்டைக் காத்து படாம மூடுற கேஸ் நிக்காது, வெல்டு தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். ஃப்ளோருக்கு இப்போதைக்கு 0.8 மி.மீ. ஃப்ளக்ஸ் கோர் கம்பி (உள்ளேயே மருந்து இருக்கும், கேஸ் வேணாம்) போதும். கசடு தட்டணும், பொறி ஜாஸ்தி, ஆனா அடியில யாரு பாக்கப் போறா? மட்கார்டு, கதவுன்னு வெளித் தகடுக்கு வரும்போது சிலிண்டர் எடுங்க: ஆர்கான் 80, கார்பன்-டை-ஆக்சைடு 20 கலவை, இஆர் 70 எஸ்-6 கெட்டிக் கம்பி (உள்ள மருந்து இல்லாதது), நிமிஷத்துக்கு 10 லிட்டர். 10 லிட்டர் சிலிண்டர்ல 150 பார் அழுத்தம்னா சுமார் 1,500 லிட்டர் கேஸ். அதாவது டிரிகர் அழுத்துற நேரம் இரண்டரை மணி. வெறும் கார்பன்-டை-ஆக்சைடு மலிவு, ஆனா சூடு ஜாஸ்தி, மெல்லிசு தகட்டுல மறுபடி இதே கதைதான். சிலிண்டர்ல மாட்டி அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டரும் ஒரு கேஸோடது இன்னொண்ணுக்குச் சேராது, கேஸை முடிவு பண்ணிட்டு வாங்குங்க.

நம்ம பக்கத்துல இன்னொண்ணு. வேலை முடிஞ்சதும் கம்பி உருளையைக் கழட்டி, சிலிகா ஜெல் பாக்கெட்டோட மூடுற டப்பாவுல போடுங்க. மிஷின்லயே விட்டா ரெண்டு வாரத்துல துரு ஏறி லைனரை அடைச்சிடும்.

கரண்ட்கம்பி:
இந்த ஆம்ப்புல மிஷின் வீட்டு லைன்ல இழுக்கிறது 7, 8 ஆம்ப் தான். 16 ஆம்ப் பிளக், 2.5 சதுர மி.மீ. காப்பர் எக்ஸ்டென்ஷன், சுருள் முழுக்கப் பிரிச்சு விடுங்க. பேட்டரி ஒயர் ரெண்டையும் கழட்டுங்க. எர்த் கிளாம்ப் வெல்டுக்கு ஒரு சாண் தள்ளி, பெயின்ட் சுரண்டின இடத்துல இருக்கணும். பம்பர்ல மாட்டி ஃப்ளோர்ல பத்த வெச்சா ஆர்க் விட்டு விட்டு எரியும்.

பத்மினிக்காரன்:
மிஷின் வந்துடுச்சு. ஃப்ளக்ஸ் கோர் 0.8, கேஸ் இல்ல. பட்டாசு மாதிரி வெடிக்குது, கம்பி தகட்டை முட்டித் தள்ளுது, வெல்டு மேலாக உருண்டையா உக்காந்திருக்கு. ஸ்பீடு குறைச்சா டிப்புலயே உருகி ஒட்டிக்குது.

தகரடப்பா:
பிளஸ், மைனஸை மாத்திப் போட்டிருப்பீங்க. கேஸ் கம்பிக்கு டார்ச் பிளஸ், ஃப்ளக்ஸ் கோருக்கு டார்ச் மைனஸ், எர்த் பிளஸ். நிறைய மிஷின் பெட்டியில வரும்போதே கேஸ் கம்பிக்கு ஏத்த மாதிரி தான் மாட்டி வருது. டிப் புதுசு போடுங்க. கம்பி தள்ளுற ரோலர்ல பல்லு வெட்டின பள்ளம் ஃப்ளக்ஸ் கோருக்கு, வழவழப்பு பள்ளம் கெட்டிக் கம்பிக்கு. ரொம்ப இறுக்கினா உள்ள மருந்து இருக்கிற கம்பி நசுங்கிடும்.

அப்புறம் கோடு இழுக்காதீங்க. ஒரு புள்ளி, அடுத்தது ஒரு ஜாண் தள்ளி, மறுபடி நடுவுல. கை வெச்சுப் பார்த்து சூடு தணிஞ்சதும் தான் பக்கத்துப் புள்ளி. இடைவெளி 1 மி.மீ.க்கு மேல இருந்தா பின்னாடி செப்புத் தகடு ஒண்ணு வெச்சு அழுத்துங்க, வெல்டு அதுல ஒட்டாது, ஓட்டையும் விழாது. துரு மேல பத்த வைக்க முயற்சி பண்ணாதீங்க. வெள்ளைத் தகடு தெரியிற வரைக்கும் வெட்டுங்க, ரெண்டு இஞ்ச் கூடவே போனாலும் பரவாயில்ல.

உப்புக்காத்து:
அடியில தார் பூச்சு இருக்கா? வெல்டு வர்ற இடத்துல நாலு விரல் அளவுக்குச் சுரண்டுங்க, மேல சீட்டும் மேட்டும் வெளியில. நனைச்ச சாக்கும் ஒரு பக்கெட் தண்ணியும் கைக்கெட்டுற தூரத்துல. டிக்கிப் பக்கம் போறீங்கன்னா முதல்ல பெட்ரோல் டேங்க் இறங்கணும்.

பத்மினிக்காரன்:
டார்ச் மைனஸ் மாத்தினதும் சத்தமே மாறிடுச்சு. இப்ப 16 வோல்ட், 50 ஆம்ப் பக்கம். முதல் ஒட்டுத் தகடு நிக்குது.