சத்தம் வருகிறது, படம் வரவில்லை: உங்கள் எல்இடி டிவி அனுபவத்தைச் சொல்லுங்கள்

விருதுநகர்க்காரன்:
எங்கள் வீட்டு 32 அங்குல எல்இடி டிவியில் ராத்திரி செய்தி ஓடும்போதே திரை இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் கணீரென்று வந்தது. காட்டிய கடையில், "பேனல் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். அப்பாவுக்கு மனசே வரவில்லை. எங்கள் தெருவில் டிவி பழுதுபார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் அறை விளக்கை அணைக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தார். செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது! படம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

அவர் சொன்ன விளக்கம் இது. எல்இடி டிவி என்று கடையில் விற்பது பெரும்பாலும் எல்சிடி டிவிதான். திரையில் இருக்கும் திரவப் படிகம் தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்று பார்க்கும் சன்னல் மாதிரி அது. பழைய எல்சிடியில் பின்னால் இருந்தது சிசிஎஃப்எல் என்ற மெல்லிய குழல் விளக்கு. உள்ளே பாதரசம் இருக்கும். அந்த இடத்துக்கு எல்இடி என்ற குட்டி விளக்குகள் வந்ததும் டிவி மெலிந்தது, கரண்ட் செலவு குறைந்தது, பெயரும் மாறிவிட்டது. அந்த எல்இடிகள் பதித்த ஸ்ட்ரிப் என்ற பட்டையை மாற்றியபின் எங்கள் டிவி நன்றாக ஓடுகிறது. நல்ல பேனலைத் தூக்கிப் போடச் சொன்னது இப்போதும் கோபமாக இருக்கிறது.

சர்வீஸ்காரர்:
தம்பி, இந்தப் பழுது என்னிடம் அடிக்கடி வரும். ஸ்ட்ரிப்பில் எல்இடிகள் வரிசையாக ஒரே தொடரில் இருக்கும். ஒன்று அறுந்தாலும் அந்தத் தொடர் முழுக்க அணையும். பல டிவிகளில் அதைக் கண்டதும், எல்இடிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். செத்த ஒன்றை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் பக்கத்தில் உள்ளது போகும். அதனால் நான் மொத்த செட்டையும்தான் மாற்றுவேன். திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிகிறதா? எல்இடி மேல் ஒட்டியிருக்கும் குட்டி லென்ஸ் கழன்று விழுந்திருக்கும். அதை வைத்து ஒட்டினால் போதும். ஆனால் வீட்டில் நீங்களே பிரிக்காதீர்கள். பேனல் ஓரத்தில் உள்ள மெல்லிய ஃபிலிம் இணைப்பு கிழிந்தால் அப்புறம் உண்மையாகவே பேனல் போய்விடும்.

இன்னொன்று. செட்டிங்கில் பேக்லைட்டை, அதாவது இந்தப் பின் வெளிச்சத்தை, 100-ல் வைத்து ஓட்டாதீர்கள். சூடுதான் எல்இடியின் எதிரி. வீட்டுக்குள் பார்க்க 50, 60 தாராளம்.

கோவை வாசகி:
நான் கறுப்பு நிறத்துக்காகவே ஓஎல்இடி வாங்கினேன். அதற்கு முன் வைத்திருந்தது ஓரத்தில் மட்டும் எல்இடி உள்ள டிவி. இருட்டுக் காட்சி வந்தால் மூலைகளில் சாம்பல் பூத்த மாதிரி வெளிச்சம் கசியும். தம்பி வீட்டில் உள்ளது திரை முழுக்கப் பின்னால் எல்இடி வைத்து, பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வகை. அது எவ்வளவோ மேல். ஆனாலும் கறுப்புத் திரையில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு என்றால் கறுப்பேதான். முன்பு பிளாஸ்மாவும் தானாக ஒளிர்ந்த திரைதான். கனம், சூடு, மின்செலவு எல்லாம் அதிகம். பானாசோனிக் 2013-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது.

ஆனால் பகல் முழுக்க வெயில் விழும் ஹாலுக்கு நல்ல பேக்லைட் உள்ள எல்இடியைத்தான் சொல்வேன். நாளெல்லாம் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கும் அதுதான். ஓஎல்இடியில் சேனல் லோகோ தடமாகப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. கியூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து ஓஎல்இடி என்று நினைத்து வாங்காதீர்கள். அதுவும் பேக்லைட் உள்ள எல்சிடிதான், குவாண்டம் டாட் படலம் நிறத்தைக் கூட்டித் தருகிறது.

விருதுநகர்க்காரன்:
அண்ணா, கோவை அக்காவின் ஓஎல்இடி டிவி இருண்டாலும் டார்ச் அடித்துப் பார்க்கலாமா?

சர்வீஸ்காரர்:
பலிக்காது தம்பி. ஓஎல்இடியில் பேக்லைட்டே கிடையாது. புள்ளி ஒளிரவில்லை என்றால் அங்கே படமும் இல்லை. அதற்கு பவர் போர்டிலிருந்துதான் சோதிக்க ஆரம்பிப்பேன்.